ஒண்ணுக்குப் போக ஒரு ரயில் தண்ணீர்

சாப்பிட்டுக்கொண்டே பத்திரிகை படிக்கிற பழக்கம் உள்ளவர்கள் தயவுசெய்து கை கழுவிவிட்டு வந்து இந்தப் பக்கத்தைப் படிக்கவும். இந்த வாரம் மூத்திரத்தைப் பற்றி எழுதப் போகிறேன். சிறுநீர் என்று கௌரவமாக எழுதலாம்தான். ஆனால் கௌரவமாக எழுதி எழுதித்தான் இந்த விஷயம் யார் காதிலும் விழாமல் போய்விட்டது.

போன மாதம் தென் மாவட்டத்தில் ஒரு கல்யாணம். முடித்துவிட்டு ராத்திரி பஸ்ஸுக்காக நானும் மனைவியும் ஒரு பேருந்து நிலையத்தில் காத்திருந்தோம். ஊர்ப் பெயர் வேண்டாம். உங்கள் ஊர் என்றே வைத்துக்கொள்ளுங்கள், பெரிய தப்பு வராது. மணி பதினொன்று. பஸ் பன்னிரண்டுக்கு.

ஆண்கள் பக்கம் போனேன். ஆள் அரவமே இல்லை. சுவரோரம் வரிசையாகப் பீங்கான்கள். மேலே ஒரு தொட்டி. பத்து லிட்டர் பிடிக்கும். நான் வெளியே வரும்போது அந்தத் தொட்டி தானாகக் ‘கொடகொட’வென்று காலியாகி, யாருமே உபயோகிக்காத பீங்கான்களை எல்லாம் கழுவிவிட்டது. ஆட்டோமேட்டிக்காம். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒரு மணி நேரத்தில் அந்தச் சத்தம் நாலு தடவை கேட்டது.

பெண்கள் பக்கம் போன மனைவி இரண்டே நிமிஷத்தில் திரும்பி வந்தார். “குழாய்ல தண்ணி வரலை. வாசல்ல ஒரு குடத்துல கொஞ்சம் வெச்சிருக்காங்க. எனக்கு முன்னாடி ஏழு பேர் நிக்கறாங்க. வேண்டாம், ஊருக்குப் போய்ப் பாத்துக்கறேன்” என்றார். ஊர் ஆறு மணி நேரம்.

எனக்குப் புரியவில்லை. அந்தப் பக்கம் கொட்டுகிறது, இந்தப் பக்கம் வரவில்லையா? வாசலில் காசு வாங்கிக்கொண்டிருந்த அம்மாவிடம் போய்க் கேட்டேன்.

“நான் என்ன சார் பண்றது? டேங்க்ல பொம்பளைங்க பக்கத்து பைப்பு மேல இருக்கு, ஆம்பளைங்க பக்கத்து பைப்பு அடியில இருக்கு. தண்ணி பாதிக்குக் கீழ எறங்கிட்டா இங்க வராது. காலைல அஞ்சு மணிக்குத்தான் மோட்டார் போடுவாங்க. அந்தப் பக்கத்த மூடி வெக்கலாம்னா வால்வு துரு புடிச்சுக் கெடக்கு. எழுதிக் குடுத்து ஒரு வருஷமாச்சு.”

அவருக்குப் பின்னால் போர்டு தொங்கியது. ஆண்கள், சிறுநீர் கழிக்க: இலவசம். பெண்கள்: ஐந்து ரூபாய்.

நான் பி.காம். படித்தவன். இன்ஜினீயரிங் தெரியாது. ஆனால் கணக்கு போடுவேன். பத்து லிட்டர் தொட்டி, கால் மணிக்கு ஒரு தரம். ஒரு நாளைக்கு 960 லிட்டர். வருஷத்துக்கு மூன்றரை லட்சம் லிட்டர். ஒரே ஒரு தொட்டி. அதிலும் ராத்திரி பத்திலிருந்து காலை ஐந்து வரை, பெண்கள் பக்கம் காய்ந்து கிடக்கிற அந்த ஏழு மணி நேரத்தில் மட்டும், ஆளே இல்லாத பீங்கான்களின் தலையில் 280 லிட்டர். இருபத்தெட்டு வாளி.

அந்த இருபத்தெட்டு வாளியில் ஒன்று கிடைத்திருந்தால் என் மனைவி ஆறு மணி நேரம் பல்லைக் கடித்துக்கொண்டு வந்திருக்க வேண்டாம். சரி, அது என் வீட்டுக் கஷ்டம். ஊர்க் கஷ்டத்துக்கு வருவோம்.

தண்ணீரே ஊற்றாத யூரினல் என்று ஒன்று இருக்கிறது. வாட்டர்லெஸ் யூரினல். ஏதோ நேற்று வந்த அமெரிக்கச் சரக்கு என்று நினைக்காதீர்கள். 19ம் நூற்றாண்டின் கடைசியிலேயே வியன்னா நகரத்தில் வில்ஹெல்ம் பீட்ஸ் என்பவர் எண்ணெயை வைத்து இந்த வேலையைச் செய்து காட்டிவிட்டார்.

விஷயம் ரொம்ப எளிது. சாதாரண யூரினலில் கீழே குழாயை வளைத்திருப்பார்கள். அந்த வளைவில் நிற்கிற தண்ணீர்தான் சாக்கடை நாற்றம் மேலே வராமல் தடுக்கிற கதவு. தண்ணீர் இல்லாத யூரினலில் அந்தக் கதவை வேறு விதமாகப் போடுகிறார்கள். ஒரு முறையில், எடை குறைந்த எண்ணெய் மேலே மிதக்கும். மூத்திரம் அதைத் தாண்டிக் கீழே இறங்கிவிடும், வாடை எண்ணெயைத் தாண்டி மேலே வராது. இன்னொரு முறையில் ஒரு ரப்பர் குழல். திரவம் வந்தால் திறக்கும், போனதும் உதடு மாதிரி ஒட்டிக்கொள்ளும். டெல்லி ஐஐடியில் பேராசிரியர் விஜயராகவன் சாரியார் தலைமையிலான குழு, எண்ணெயும் வேண்டாம், மருந்தும் வேண்டாம், கரன்டும் வேண்டாம் என்று ஒரு வாடைத் தடுப்பானை உருவாக்கியது. பெயர் ஜீரோடார்.

“தண்ணி ஊத்தினாலே இந்த நாத்தம் நாறுது, ஊத்தாட்டி என்ன ஆகும்?” என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். பதில் தலைகீழாக இருக்கிறது. அப்போதுதான் வெளியே வந்த மூத்திரத்தில் பெரிதாக வாடை கிடையாது. அதிலிருக்கிற யூரியாவைக் கிருமிகள் உடைத்து அம்மோனியாவாக மாற்றும்போதுதான் மூக்கைத் துளைக்கிறது. அந்தக் கிருமிகளுக்கு வேண்டியது ஈரம். அரைகுறையாகத் தண்ணீர் விட்டு, எப்போதும் சொதசொதவென்று, மஞ்சள் உப்புப் படிந்து கிடக்கிற பீங்கானும் தரையும்தான் அவற்றுக்குக் குடியிருப்பு. தேங்காமல் உடனே இறங்கி, மேலே உலர்ந்து கிடந்தால் வாடை குறையும். நம் பஸ் ஸ்டாண்டுகளில் தண்ணீர் ஊற்றித்தான் நாறடித்துக்கொண்டிருக்கிறோம்.

இப்போது கணக்கு. அதே விஜயராகவன் சாரியாரும் ரமேஷ் சக்திவேலும் யுனிசெஃப் ஆதரவோடு 2009ல் இது பற்றி ஒரு கையேடு எழுதினார்கள். ஒரு யூரினலுக்கு வருஷத்தில் 56,800 லிட்டரிலிருந்து 1,70,000 லிட்டர் வரை மிச்சமாகும் என்பது அவர்கள் மதிப்பீடு. நாம் நடுவில் ஒரு லட்சம் என்று வைத்துக்கொள்வோம்.

2019 ஞாபகம் இருக்கிறதா? பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நாலும் வறண்டு சென்னை வாய் பிளந்து நின்ற வருஷம். ஜூலை 12ம் தேதி ஜோலார்பேட்டையிலிருந்து காவிரித் தண்ணீரைச் சுமந்துகொண்டு வில்லிவாக்கத்துக்கு ரயில் வந்தது. ஐம்பது வேகன், இருநூறு கிலோமீட்டருக்கு மேல் பயணம், மாலை மரியாதை, டி.வி. கேமரா. ஒரு ரயிலில் 25 லட்சம் லிட்டர்.

25 லட்சத்தை ஒரு லட்சத்தால் வகுங்கள். இருபத்தைந்து.

இருபத்தைந்து யூரினல் ஒரு வருஷத்தில் குடிக்கிற தண்ணீர், ஒரு ரயில் தண்ணீர். ஒரு சினிமா காம்ப்ளெக்ஸிலேயே இருபத்தைந்து தேறும். சென்னையில் எத்தனை தியேட்டர், எத்தனை கல்யாண மண்டபம், எத்தனை ஆபீஸ், எத்தனை காலேஜ்? எத்தனை ரயிலை நாம் சத்தமில்லாமல் சாக்கடையில் விட்டுக்கொண்டிருக்கிறோம்?

இன்னொரு கூத்தும் பாருங்கள். மீஞ்சூரிலும் நெம்மேலியிலும் கடல் தண்ணீரைக் குடிநீராக்குகிறோம். 2010ல் மீஞ்சூர், 2013ல் நெம்மேலி, 2024ல் நெம்மேலியிலேயே இன்னொன்று. இந்த முறையில் ஆயிரம் லிட்டருக்குத் தோராயமாக மூன்று, நான்கு யூனிட் கரன்ட் செலவாகும். இத்தனை காசு கொடுத்து உப்பை எடுக்கிறோம். எடுத்த தண்ணீரை நகரத்துக்குக் கொண்டுவந்து, மாடிக்கு ஏற்றி, மூத்திரத்தின் மேல் ஊற்றி மறுபடி உப்பாக்குகிறோம். அந்தக் கழிவை மறுபடி பம்ப் பண்ணி, சுத்திகரிப்பு நிலையத்துக்கு அனுப்புகிறோம். அதில் ஒரு பகுதியை, 2019லிருந்து கொடுங்கையூரிலும் கோயம்பேட்டிலும், மறுபடியும் உப்பு நீக்கித் தொழிற்சாலைகளுக்கு விற்கிறோம். உப்பை எடுக்க ஒரு செலவு, கலக்க ஒரு செலவு, மறுபடி எடுக்க ஒரு செலவு. எந்த நாடார் கடையிலாவது, எந்தச் செட்டியார் மண்டியிலாவது இப்படி ஒரு கணக்கு எழுதினால் கணக்குப்பிள்ளைக்கு அன்றைக்கே சீட்டு கிழிந்துவிடும்.

சரி, இத்தனை நல்ல விஷயம் ஏன் எல்லா இடத்திலும் இல்லை?

“நம்ம ஆளுங்களுக்கு சரிப்படாது சார்.” இதுதான் எங்கே கேட்டாலும் வருகிற பதில். பான்பராக் துப்புவான், பீடியைப் போடுவான், பப்பிள்கம்மை ஒட்டுவான். உண்மைதான். ஆனால் அதையெல்லாம் தண்ணீர் ஊற்றுகிற யூரினலிலும் போடத்தானே செய்கிறான்? அது அடைத்துக்கொண்டு நாறவில்லையா? அதற்காக யாரும் தண்ணீர் யூரினல் நம்ம ஆளுக்குச் சரிப்படாது என்று சொல்வதில்லையே.

இன்னும் கொஞ்சம் விவரம் தெரிந்தவர்கள் சிகாகோவைச் சொல்வார்கள். நியாயமான கேள்வி. அங்கே நகராட்சித் தலைமைக் கட்டடத்தில் வைத்த தண்ணீரில்லா யூரினல்களை 2010ல் பிடுங்கிப் போட்டார்கள். தண்ணீர் கலக்காத மூத்திரம் செம்புக் குழாய்களை அரித்துவிட்டது. இதிலிருந்து கற்றுக்கொள்ள வேண்டிய பாடம், உலோகக் குழாய் போடாதே என்பது. நம் ஊரில் பெரும்பாலும் பி.வி.சி.தான். அதிலும் உப்புப் படிந்து அடைக்கும். சரியான சரிவு வேண்டும், அவ்வப்போது சுத்தம் பண்ண வேண்டும். தண்ணீரில்லா யூரினல் என்றால் வேலையே இல்லாத யூரினல் என்று எந்த சேல்ஸ்மேனாவது சொன்னால் நம்பாதீர்கள். தண்ணீர் மிச்சம். வேலை மிச்சமில்லை.

இங்கேதான் கதையின் வில்லன் வருகிறார்.

சில வருஷம் முன்னால் நான் அடிக்கடி போகிற ஒரு ஆபீஸ் காம்ப்ளெக்ஸில் இந்த யூரினல்களை வைத்தார்கள். எண்ணெய் வகை. சுவரில் பச்சை இலை போட்ட ஸ்டிக்கர். ‘நீங்கள் பூமியைக் காப்பாற்றுகிறீர்கள்’ என்று இங்கிலீஷில் வாசகம். நானும் தினம் பூமியைக் காப்பாற்றிவிட்டுப் பெருமையாக வெளியே வந்துகொண்டிருந்தேன். ஐந்தாவது மாதம் மூக்கைப் பொத்த வேண்டியதாயிற்று. எட்டாவது மாதம் எல்லாவற்றையும் கழற்றிவிட்டுப் பழையபடி தண்ணீர்க் குழாய் மாட்டிவிட்டார்கள். “சொன்னேன் இல்ல, நம்ம ஊருக்கு சரிப்படாதுன்னு” என்றார் மேனேஜர்.

எனக்கு மனசு கேட்கவில்லை. கழுவிக்கொண்டிருந்த பையனைப் பிடித்து விசாரித்தேன். இருபத்திரண்டு வயசு இருக்கும்.

“தெனமும் எப்படி தம்பி கழுவுவே?”

“எல்லாத்தையும் கழுவற மாதிரிதான் சார். ஒரு பக்கெட் தண்ணி, ஆசிட், பினாயில்.”

“இதுல தண்ணி ஊத்தக் கூடாதுன்னு சொல்லலையா?”

“யாரும் சொல்லல சார். நாத்தம் வந்தா ஊத்துன்னாங்க. ஊத்தினேன்.”

முடிந்தது கதை. ஒரு வாளித் தண்ணீரை மொத்தமாக ஊற்றினால் உள்ளே இருக்கிற எண்ணெய் அடித்துக்கொண்டு போய்விடும். கதவு திறந்துவிட்டது. அப்புறம் சாக்கடை வாடை மேலே வராமல் என்ன செய்யும்? நாறியது, அதனால் ஊற்றினான். ஊற்றினான், அதனால் இன்னும் நாறியது. அவனிடம் கொடுக்க வேண்டிய துணியும், ஸ்பிரேயும், கையுறையும் யாரும் கொடுக்கவில்லை. அரை மணி நேரம் உட்கார வைத்துத் தமிழில் சொல்லிக்கொடுக்க ஆளில்லை.

இன்னொன்றும் சொன்னான். “உள்ள இருக்கற அந்த கார்ட்ரிட்ஜ மாத்தணும்னு சூப்பர்வைசர் எழுதிக் குடுத்தாரு சார். நாலு மாசமா சாங்ஷன் ஆகல. தண்ணி லாரி வேணும்னா ஒரு போன் போதும், அர மணி நேரத்துல வந்துரும்.”

இந்தப் பையன் சொன்னதைத்தான் பி.காம். முதல் வருஷத்தில் எங்களுக்குப் பாடமாக நடத்தினார்கள். செலவு இரண்டு வகை. கேப்பிட்டல் எக்ஸ்பெண்டிச்சர், ரெவின்யூ எக்ஸ்பெண்டிச்சர். மிஷின் வாங்குவது முதல் வகை. அதற்கு எண்ணெய் போடுவது இரண்டாம் வகை. முதலாவதை எழுதிவிட்டு இரண்டாவதை எழுதாத கம்பெனி மிஷினைத் துருப்பிடிக்க வைத்துவிட்டு, மிஷின் சரியில்லை என்று சொல்லும்.

நம் நாட்டில் முதல் வகைச் செலவுக்குக் கல்வெட்டு உண்டு. ரிப்பன் உண்டு, கத்தரிக்கோல் உண்டு, போட்டோ உண்டு. டெண்டரில் யார் யாருக்கு என்னென்ன உண்டு என்பது உங்களுக்கே தெரியும். இரண்டாம் வகைச் செலவுக்கு என்ன உண்டு? கார்ட்ரிட்ஜ் மாற்றியதற்குக் கல்வெட்டு வைக்க முடியுமா? மாண்புமிகு யாராவது வந்து ரப்பர் குழலைக் கழுவித் திறந்து வைப்பாரா?

ஆனால் அந்தச் செலவு நோட்டில் எழுதாததால் இல்லாமல் போய்விடாது. யாரோ ஒருவர் அதைத் தன் உடம்பால் கட்டுகிறார். கையுறை இல்லாமல், ஆசிட் புகையைக் குடித்துக்கொண்டு, குறைந்த சம்பளத்துக்கு, காண்ட்ராக்டில். அவர் எந்தத் தெருவிலிருந்து வருகிறார், எந்த ஜாதியில் பிறந்தவர் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. கையால் மலம் அள்ளுவதைத் தடுக்க 2013ல் சட்டம் போட்டாயிற்று. ஆனால் ‘கக்கூஸ் கழுவ எப்பவும் ஆள் கிடைக்கும், சீப்பாகக் கிடைக்கும்’ என்கிற நினைப்பை எந்தச் சட்டத்தாலும் இன்னும் ஒழிக்க முடியவில்லை. அந்த நினைப்புதான் வில்லன். மேனேஜர் அதன் கையாள், அவ்வளவுதான்.

அதனால் ‘நம்ம ஆளுங்களுக்கு சரிப்படாது’ என்பவர்களுக்கு என் பதில்: பீங்கான் முன்னால் நிற்கிற ஆளிடம் பெரிய கோளாறு இல்லை. ஃபைல் முன்னால் உட்கார்ந்திருக்கிற ஆளிடம்தான் கோளாறு.

நம்ம ஆளுங்களால் முடியும் என்பதற்கு வியன்னா போக வேண்டாம். திருச்சி பக்கம் முசிறி போதும். 2000களின் பிற்பாதியில், சுப்புராமன் நடத்திய ஸ்கோப் என்கிற தொண்டு நிறுவனம் அங்கே ஒரு பொதுக் கழிப்பிடம் கட்டியது. மலம் தனியாக, மூத்திரம் தனியாகச் சேருகிற மாதிரி. போனவர்களிடம் காசு வாங்கவில்லை. போனவர்களுக்குக் காசு கொடுத்தார்கள். ஒரு தடவைக்குப் பத்துப் பைசா! காவிரிக் கரை ஜனங்கள், பெரிய படிப்பு படிக்காதவர்கள், எதில் எது போக வேண்டும் என்று கற்றுக்கொண்டு ஒழுங்காக உபயோகித்தார்கள். காசு கொடுத்ததற்குக் காரணம் இருந்தது. மூத்திரத்தில் பயிருக்கு வேண்டிய தழைச்சத்து இருக்கிறது, மணிச்சத்து இருக்கிறது. திருச்சியில் இருக்கிற வாழை ஆராய்ச்சி மையம் பூவன் வாழைக்கே அதை உரமாக விட்டுப் பார்த்திருக்கிறது. மூடிய தொட்டியில் ஒரு மாதம் முதல் ஆறு மாதம் வரை வைத்திருந்துவிட்டுப் பயிருக்கு விடலாம் என்று உலக சுகாதார நிறுவனமே 2006ல் வழிமுறை சொல்லியிருக்கிறது. சுப்புராமனுக்கு 2021ல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். விருது கொடுத்துக் கைதட்டினோம். அந்த முறையை எத்தனை பஸ் ஸ்டாண்டுக்குக் கொண்டுபோனோம்?

உரம், வாழை எல்லாம் இப்போதைக்கு வேண்டாம் என்றாலும் பரவாயில்லை. சாக்கடையிலேயே விடுங்கள். தண்ணீராவது மிச்சமாகும். அந்தத் தண்ணீர் யாருக்கு என்பதுதான் என் கேள்வி.

இத்தனை நேரம் நான் பேசியதெல்லாம் ஆண்கள் பக்கத்துக் கதை. நின்றுகொண்டு போகிறவர்களுக்கான சாமான். பெண்களுக்கும் இதே மாதிரி உட்கார்ந்து போகிற பீங்கான் செய்ய முடியும். ஆனால் அவர்களுக்குக் கழுவிக்கொள்ளத் தண்ணீர் வேண்டும், மாதத்தில் சில நாள் இன்னும் கூடுதலாக வேண்டும். தண்ணீர் நிஜமாகவே தேவைப்படுகிற இடம் அது. தேவையே இல்லாத இடம் ஆண்களின் சுவரோரம். டேங்க்கில் அடிப் பைப்பை எந்தப் பக்கத்துக்குக் கொடுத்திருக்கிறோம்? தேவை இல்லாதவனுக்கு. இலவசமும் அவனுக்கு. ஐந்து ரூபாயும் காலிக் குழாயும் தேவை இருப்பவளுக்கு. பயணம் போகிற அன்றைக்குப் பெண்கள் காலையிலிருந்தே தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்கிறார்கள் என்பது உங்களுக்குத் தெரியுமா? தெரியாவிட்டால் உங்கள் வீட்டிலேயே கேளுங்கள். அடக்கி அடக்கி நீர்க்கடுப்பு, கிருமித் தொற்று என்று டாக்டரிடம் போய் நிற்பது யார் என்றும் கேளுங்கள்.

புலம்பிவிட்டு எழுந்து போகிற வழக்கம் எனக்கில்லை. செய்யக்கூடியதைச் சொல்கிறேன்.

ஒன்று, நாளைக் காலையே செய்யலாம். ராத்திரி முழுக்கக் கொட்டுகிற ஆட்டோமேட்டிக் தொட்டிகளுக்கு ஒரு வால்வு போடுங்கள். இதற்கு ஐஐடி தேவையில்லை, ஒரு பிளம்பர் போதும்.

இரண்டு, பஸ் ஸ்டாண்டு, தியேட்டர், மண்டபம், அரசு ஆபீஸ், எதுவானாலும் புதிதாகக் கட்டும்போது தண்ணீரில்லா யூரினல். உலோகக் குழாய் கூடாது, சரிவு சரியாக இருக்க வேண்டும்.

மூன்று, அந்த டெண்டரிலேயே ஐந்து வருஷப் பராமரிப்பும் சேர வேண்டும். கார்ட்ரிட்ஜ், ரப்பர், எண்ணெய், கழுவுகிறவருக்குப் பயிற்சி, கையுறை, நியாயமான சம்பளம், எல்லாம். மாதாமாதம் பார்த்து, நாறவில்லை என்றால்தான் பில் பாஸாக வேண்டும். பராமரிப்பு இல்லாமல் வாங்குவதாக இருந்தால் வாங்கவே வேண்டாம். அந்தப் பச்சை இலை ஸ்டிக்கர் வெறும் மோசடி.

நான்கு, மிச்சமாகிற தண்ணீர் முதலில் பெண்கள் பக்கம் போக வேண்டும். டேங்க்கில் அடிப் பைப்பு அவர்களுக்கு. ஐந்து ரூபாய் போர்டைக் கழற்றிவிடலாம்.

இதில் எதற்காவது ஆயிரம் கோடி வேண்டுமா? ஜப்பான் கடன் வேண்டுமா? கடலைக் குடைய வேண்டுமா?

அன்றைக்கு ராத்திரி பஸ் கிளம்பும்போது மணி பன்னிரண்டே கால். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பெண்கள் பக்கம் வரிசை அப்படியே நின்றது. குடத்தைச் சாய்த்து மொண்டுகொண்டிருந்தார் அந்த அம்மா. ஆண்கள் பக்கம் யாருமில்லை. பஸ் சத்தத்தையும் மீறிக் கேட்டது, ‘கொடகொட’.